அமிகாவில் ஜிப் வட்டும் சிஎஃப் அட்டையும்: பார்ட்டிஷன் பிரிக்கும் முன்

கொமடோர் நிறுவனத்தின் பழைய அமிகா கணினியில் ஜிப் வட்டு, காம்பாக்ட்ஃபிளாஷ் (சிஎஃப்) அட்டை போன்ற கழற்றி மாட்டும் வட்டுகளைப் பயன்படுத்துவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பார்ட்டிஷன் (வட்டைப் பிரித்த பகுதி) விவரங்கள் அந்தந்த வட்டிலேயே எழுதப்பட்டிருந்தாலும், கணினி அவற்றைத் தொடங்கும் நேரத்தில் மட்டுமே படிக்கிறது. அதன்பின் வட்டு மாறலாம். கணினியின் நினைவில் உள்ள பார்ட்டிஷன் எல்லைகள் மாறுவதில்லை. இதில் விளையும் சிக்கல்களுள் பெரும்பாலானவற்றை, வட்டைப் பிரிக்கும்போதே திட்டமிட்டுத் தவிர்த்துவிட முடியும்.

கொமடோர் வகுத்த ரிஜிட் டிஸ்க் பிளாக் என்ற அமைப்பு, வட்டின் முதல் 16 பிளாக்குகளுக்குள் ஏதேனும் ஒன்றில் இருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு பார்ட்டிஷனுக்குமான குறிப்பு சங்கிலித் தொடராக நீள்கிறது. தொடக்க சிலிண்டர், இறுதி சிலிண்டர் (சிலிண்டர் என்பது வட்டின் இடத்தைக் குறிக்கும் அலகு), கணினி எதிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்னும் பூட் முன்னுரிமை, கோப்பு முறைமையின் வகை ஆகியவை அந்தக் குறிப்பில் உள்ளன. கோப்பு முறைமையை இயக்கும் நிரலையே இப்பகுதியில் சேர்த்து வைக்கலாம் என்பதால், கணினியின் நிலையான நிரல் உள்ள ரோம் (ROM) சில்லு அறியாத பிஎஃப்எஸ்3 போன்ற முறைமையிலிருந்தும் கணினி தொடங்கும். நான்கே இடங்கள் கொண்ட அக்கால பிசியின் பார்ட்டிஷன் அட்டவணையோடு ஒப்பிடும்போது, இது மிகுந்த தொலைநோக்குடன் செய்யப்பட்ட வடிவமைப்பு என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் ஜிப் வட்டில் இதே அமைப்பு கவனத்தைக் கோருகிறது. 100 மெகாபைட் ஜிப் வட்டில் 512 பைட் அளவுள்ள 1,96,608 செக்டார்கள் உள்ளன. 1990இல் வந்த அமிகா 3000 போல ஸ்கஸி என்ற வட்டு இணைப்பு வசதி உள்ள கணினியில் இரண்டு பார்ட்டிஷன் கொண்ட வட்டை வைத்துத் தொடங்கி, பிறகு ஒரே பார்ட்டிஷன் கொண்ட வட்டை மாற்றிச் செருகினால், கணினி பழைய எல்லைகளைக் கொண்டே புதிய வட்டை அணுகும். அமிகாவின் ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் என்ற கோப்பு முறைமை, கோப்புப் பட்டியல் தொடங்கும் தன் ரூட் பிளாக்கைப் பார்ட்டிஷனின் நடுவில் வைப்பது. ஆகவே இறுதி சிலிண்டர் வேறுபட்டால் நடுப்புள்ளியும் வேறுபட்டு, கணினி ரூட் பிளாக்கைத் தவறான இடத்தில் தேடும். நல்ல வட்டு படிக்க இயலாத வட்டாகத் திரையில் தோன்றும். அதைக் கண்டு ஃபார்மட் கட்டளையை இடுவதுதான் உண்மையான இழப்பு. எனவே, தம்மிடமுள்ள எல்லா ஜிப் வட்டுகளையும் ஒரே சிலிண்டர் எல்லைகளுடன், ஒரே கோப்பு முறைமையுடன், ஒற்றைப் பார்ட்டிஷனாக அமைத்துக்கொள்வதே சிறந்தது. கடையில் வாங்கிய பிசி வகை ஜிப் வட்டில் முன்னரே ஒரு பார்ட்டிஷன் இருக்கும். அதுவும் அட்டவணையின் நான்காம் இடத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு, அமிகாவில் பார்ட்டிஷன் பிரிக்கும் நிரலான எச்டிடூல்பாக்ஸில் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

இன்று ஜிப்பைவிடக் காம்பாக்ட்ஃபிளாஷ் அட்டைகளே பரவலாகப் பயன்படுகின்றன. 1992இல் வெளிவந்த அமிகா 600, 1200 ஆகிய இரண்டிலும் உள்ளே ஐடிஇ என்ற வன்வட்டு இணைப்பு உள்ளது. சிஎஃப் அட்டையும் அதே மொழி பேசுவதால் எளிய அடாப்டர் ஒன்று போதும். இந்த இணைப்பில் உள்ள அட்டையை மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கழற்ற வேண்டும். ஓடும்போதே மாற்ற விரும்புவோருக்குப் பக்கவாட்டிலுள்ள பிசிஎம்சிஐஏ என்ற அட்டைத் துளை இருக்கிறது.

சிஎஃப் அட்டையில் இரண்டு எல்லைகளை மீறக்கூடாது. முதலாவது 4 ஜிகாபைட். ரோம் சில்லில் உள்ள கிக்ஸ்டார்ட் என்ற நிரலின் 3.1 பதிப்பு வரையிலான வட்டு இயக்கி, வட்டில் ஓர் இடத்தை 32 பிட் பைட் எண்ணால் குறிக்கிறது. அந்த எண் நிரம்பியதும் மீண்டும் பூஜ்யத்திற்குத் திரும்புவதால், 4 ஜிகாபைட்டுக்கு அப்பால் எழுதப்படும் தரவு வட்டின் தொடக்கத்தில் வந்து விழுந்து, பார்ட்டிஷன் விவரங்களையே அழித்துவிடும். 2018இல் வந்த அமிகாஓஎஸ் 3.1.4 இத்தடையை நீக்கியது. பழைய ரோம் சில்லோடு இருப்பவர்கள் எவ்வளவு பெரிய அட்டையை வாங்கினாலும், முதல் 4 ஜிகாபைட்டுக்குள் பார்ட்டிஷன்களை முடித்துக்கொண்டு மீதியை வெறுமையாக விடுவது நல்லது.

இரண்டாவது, ஒரே தடவையில் மாற்றும் தரவின் உச்ச அளவைக் குறிக்கும் மேக்ஸ்டிரான்ஸ்ஃபர் என்ற மதிப்பு. ஐடிஇ கட்டளையில் செக்டார் எண்ணிக்கைக்கு 8 பிட் மட்டுமே உண்டு. 256 செக்டாரைக் கேட்க பூஜ்யம் என்று எழுத வேண்டும். இதைச் சரியாகக் கையாளாத சாதனங்களில் சிறு கோப்புகள் பிழையின்றிப் பதிவாகும். பெரிய கோப்புகள் மட்டும் சத்தமில்லாமல் சிதையும். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் இந்த மதிப்பை 255 செக்டார், அதாவது 130560 பைட் என்று குறைத்தால் இந்த ஆபத்து நீங்கும். எச்டிடூல்பாக்ஸில் இதைப் பதினாறடிமான எண்ணாக, 1எஃப்ஈ00 என்று உள்ளிட வேண்டும். பார்ட்டிஷனைச் சேமித்து, கணினியை மறுதொடக்கம் செய்தபின் ஃபார்மட் செய்யும்போது விரைவு ஃபார்மட்டே போதுமானது. எச்டிடூல்பாக்ஸில் உள்ள லோ லெவல் ஃபார்மட் பொத்தானைச் சிஎஃப் அட்டைக்குத் தொடவே வேண்டாம்.

அட்டையைப் புதிய கணினியில் அமிகாவைப் போலவே செயல்படும் வின்யூஏஇ என்ற நிரல் வழியாகத் தயார் செய்வது இன்னும் வசதியானது. ஆனால் விண்டோஸுக்கு அமிகாவின் பார்ட்டிஷன் அமைப்பு தெரியாது. அட்டையைச் செருகியதும் அதை ஃபார்மட் செய்யட்டுமா, தொடக்க நிலைக்குக் கொண்டுவரட்டுமா என்று கேட்கும். இரண்டுக்கும் மறுப்பே சொல்ல வேண்டும். சம்மதித்தால் விண்டோஸ் முதல் செக்டாரில் தன் அட்டவணையை எழுதும், பெரும்பாலும் ரிஜிட் டிஸ்க் பிளாக் இருப்பதும் அதே செக்டாரில்தான்.