மாட்டுக் கொட்டிலில் குடியேறுதல்: இருபத்தோராம் மாதம்

காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டுக்குப் பின்னால், பின் தெருவைப் பார்த்த வாசலோடு ஒரு மாட்டுக் கொட்டில் இருக்கிறது. 32 அடி நீளம், 14 அடி அகலம், ஒன்றரை அடிக் கனத்தில் செங்கல் சுவர், மேலே சீமை ஓடு. கடைசி மாட்டை விற்று இருபது வருடம் ஆகிறது. பெரிய வீட்டில் ஒன்பது பங்காளிகளுக்குப் பாத்தியதை. ஓர் ஆணி அடிக்கவும் ஒன்பது பேரைக் கேட்க வேண்டும். கொட்டில் மட்டும் பாகப்பிரிவினையில் அப்பாவுக்குத் தனியாக வந்தது. வேறு யாரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. அதை இரண்டு பேர் இருக்கும் வீடாக்கலாம் என்று போன வருடம் மாசியில் ஆரம்பித்தேன்.

முதல் வேலையே தப்பு. சுவரின் அடிப்பக்கம் மூன்றடி உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்து கிடந்தது. வந்த கொத்தனார் சிமெண்ட் பூசிவிடலாம் என்றார், நானும் தலையாட்டினேன். பங்குனியில் பூசியது, ஐப்பசியில் வயிறு உப்பிக்கொண்டு நின்றது. தட்டினால் பொத்தென்று சத்தம். உளியால் ஒரு சில்லைப் பெயர்த்தேன். பின்புறம் முழுக்க வெள்ளை ஊசிகள், பஞ்சு போல. கிள்ளி நாக்கு நுனியில் வைத்தால் சில்லென்று குளிர்ந்தது, பிறகு கசந்தது. எந்தச் சுவரை நக்கினோம் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

அது வெடியுப்பு. பல தலைமுறை மாட்டு மூத்திரம் மண்ணில் ஊறி, உப்பாகிச் சுவரில் ஏறியிருக்கிறது. பீகாரில் இப்படிப்பட்ட மண்ணைக் காய்ச்சித்தான் பாட்னா வழியாக டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் வெடிமருந்துக்கு உப்பு ஏற்றிப் போனார்கள். இந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு சொட்டு மழை படாத உள்சுவர்கூட ஐப்பசியில் கறுத்து நின்றது. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உப்பு அதன் முதுகுக்குப் பின்னால் படிகமாகி அதையே தள்ளிவிடுகிறது.

இரண்டாவதாக வந்தவர் எழுபது வயதுக் கொத்தனார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “தம்பி, இது மழை ஈரமில்லை. மாடு குடித்த தண்ணீர். சுவர் அதைக் கக்கட்டும், அவசரப்படாதீர்கள்” என்றார்.

சிமெண்ட் முழுவதையும் கொத்தி எடுத்தோம். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த தூரிகையால் தேய்த்துக் கூட்டி, கூடையில் அள்ளி வெளியேற்ற வேண்டும். மார்கழியில் ஒரு பங்கு சுண்ணாம்பு, நான்கு பங்கு மணல் என்று பலவீனமான ஒரு பூச்சு. அது நிலைப்பதற்காகப் பூசியதல்ல, உப்பைக் குடிப்பதற்காக. பங்குனியில் அது பொரிந்து நின்றபோது கொத்தி எறிந்தோம். சித்திரையில் இன்னொன்று. பார்த்தவர்கள் எல்லாம் எனக்குப் பணம் மிஞ்சிவிட்டது என்று நினைத்தார்கள். ஆடியில் அதைக் கொத்தியபோது உப்பு பாதிகூட இல்லை.

ஆவணியில்தான் கடைசிப் பூச்சு. ஆறு வாரம் தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பு, கடுக்காயும் வெல்லமும் புளிக்க வைத்த நீர். வெயில் பட்டால் வெடிக்கும் என்பதால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, பத்து நாள் காலையும் மாலையும் நனைத்தேன்.

முட்டை வெள்ளைக்கரு கலந்து, கண்ணாடி போல் மின்னும் முட்டைப் பூச்சைப் பூசச் சொன்னவர்கள் உண்டு. தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடச் சொல்லாதவர்கள் இல்லை. இரண்டும் பெரிய வீட்டுக்கு உரியவை. கொட்டிலுக்கு எப்போதும் வெள்ளையடித்த சுவரும் கருங்கல் தரையும்தான், அப்படியே விட்டேன். செட்டிநாட்டு வீட்டைச் சுருக்கிச் செய்த பொம்மையாக இதை ஆக்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

கல்தரையால் வந்த வேடிக்கை வேறு. மாடு கட்டும் தரை அல்லவா, மாட்டுக்குக் கழுநீர் வைத்த தொட்டியிலிருந்து பின்சுவர்ச் சாக்கடை வரைக்கும் மூன்று அங்குலம் சரிவு. ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஓரத்துக்கு ஓடிவிடுகிறது. கைதவறி விழும் எலுமிச்சம்பழமும் அப்படித்தான், ஒவ்வொரு முறையும் சாக்கடைப் பக்கமே போகிறது. சமன் செய்தால் கற்களைப் பெயர்க்க வேண்டும். அதற்குப் பதில் கட்டில் கால் இரண்டுக்கும் அலமாரிக்கும் மரச்சக்கை வைத்தேன். பழைய சாக்கடைக்குள்ளேயே குழாயைப் பதித்து மேலே பலகைக்கல் மூடியாயிற்று. சமையல் தண்ணீர் வாழைக்குப் போகிறது. கழிவறைக்கு உள்ளே இடம் தேடவில்லை, வெளியே ஒரு சாய்ப்பு இறக்கினேன். அறைத் தடுப்பு ஏழடிப் பலகையோடு நிற்கிறது. படுத்தபடி பார்த்தால் ஓட்டுக்கூரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தெரிய வேண்டும் என்பது என் பிடிவாதம். பக்கத்து அறைக் குறட்டையும் கேட்கும் என்பது மனைவியின் புகார். நியாயமான புகார்தான்.

கழுநீர்த் தொட்டியில் பாத்திரம் துலக்குகிறோம்.

இந்த ஐப்பசி முதல் மழையில் மூன்று இடத்தில் ஒழுகியது. இரண்டு, நகர்ந்த ஓடு. ஏறித் தள்ளிவிட்டதும் நின்றது. மூன்றாவது எங்கிருந்து வருகிறது என்று இன்னும் பிடிபடவில்லை, கீழே ஒரு பித்தளை அண்டா வைத்திருக்கிறேன். தொட்டி மூலையில் சுவர் மறுபடி கறுத்தது. அதன் மேல்விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். பன்னிரண்டு நாள் ஆகிறது. ஈரம் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறது.