நடக்கலாம், உட்காரக் கூடாது

பூங்காவைத் திறப்பது என்றால் கேட்டைத் திறந்துவிடுவது, அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை கொரோனா ஊரடங்குத் தளர்வுகளை அறிவித்தபோது மேலே இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் போல. செப்டம்பர் 1 முதல் மாவட்டத்துக்குள் பஸ் ஓடும், கோயில்கள் திறக்கும், உடற்பயிற்சிக்காகப் பூங்காக்களும் மைதானங்களும் திறக்கலாம் என்றார்கள். இடையில் இருந்தது ஒரு திங்கட்கிழமை.

மதுரையில் வைகைக்கு வடக்கே, வண்டியூர் கண்மாய்ப் பக்கம் உள்ள ஒரு குடியிருப்புப் பூங்காவில் நான் அப்போது மேற்பார்வையாளர். எக்கோ பார்க், ராஜாஜி பூங்கா மாதிரி டிக்கெட் வாங்கிப் பார்க்க வருகிற இடம் இல்லை. வேம்பும் புங்கையும் நிழல் தரும் இடம், சுற்றிலும் நடைபாதை, சில பெஞ்சுகள், பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்கும், காலையில் கேட்டுக்கு வெளியே அருகம்புல் சாறு விற்கும் ஒருவர். மார்ச் கடைசியில் பூட்டியது. நடுவில் ஒருதரம்கூட முழுசாகப் பெருக்கவில்லை.

உள்ளே போனால் பார்த்தீனியம் இடுப்பளவு நின்றது. நடைபாதைக் கற்களுக்கு நடுவில் கோரை. போர் மோட்டாரைப் போட்டால் உறுமல் மட்டும் வந்தது, தண்ணீர் வரவில்லை. மாசக்கணக்கில் ஓடாமல் இறுகிப்போயிருந்தது. செயற்கை நீரூற்றுத் தொட்டியில் ஜூலை மழைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக நின்றது. குனிந்து பார்த்தால் தொட்டி முழுக்கக் கொசுப்புழு நெளிந்தது. டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடாது, இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் இடும். அபேட் மருந்து ஊற்ற வந்த பெண் என்னைப் பார்த்து, "ஊரே கொரோனான்னு அலையுது, நீங்க இங்க டெங்குவ வளத்து வச்சிருக்கீகளே சார்" என்றார். பதில் சொல்ல எதுவும் இல்லை.

வேலைக்கு ஆளும் இல்லை. தோட்டவேலை செய்த அக்காமார் எல்லோரும் தினக்கூலி, அதுவும் ஒப்பந்தக்காரர் மூலம். பூட்டியிருந்த மாதங்களுக்கு யாருக்கும் கூலி வரவில்லை. கேட்டபோது, வேலை நடக்காதபோது கூலி எப்படி என்று பதில் வந்தது. சிலர் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டார்கள். அப்போது அதற்கு நாளுக்கு 256 ரூபாய். சிலரைத் தெருத்தெருவாக பிளீச்சிங் பவுடர் போடவும், கபசுரக் குடிநீர் கொடுக்கவும் அனுப்பியிருந்தார்கள். பஸ் ஓட ஆரம்பித்த பிறகுதான் பழைய ஆட்களில் பாதிப் பேர் திரும்பினார்கள். "பூங்கா திறக்குது, எங்களையும் திறந்துவிட்டாங்க" என்று ஒரு அக்கா சிரித்தார். விட்டுப்போன கூலிக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதங்களை யாராவது படித்தார்களா என்பது வேறு விஷயம்.

அப்புறம் கிருமிநாசினி. பொது இடங்களைத் துடைக்க ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல். பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு சுமார் 30 கிராம். அதே வழிகாட்டுதலில், உலோகத்தின் மேல் இதைப் போடாதீர்கள், அரிக்கும் என்றும் இருந்தது. ஆனால் மேலே இருந்து வந்த ஆள் கைத்தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு ஊஞ்சல் சங்கிலி, சறுக்கின் படி, கேட் என்று எல்லாவற்றிலும் அடித்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். மறுவாரம் சங்கிலியைத் தொட்டால் கை முழுக்கத் துரு. திறந்தவெளியில் மருந்து தெளிப்பதால் பெரிய பயன் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அந்த வருடம் மே மாதமே சொல்லியிருந்தது. ஆனால் தெளித்தால் கண்ணுக்குத் தெரியும். வேலை நடந்ததற்குச் சாட்சி வேண்டுமே. நாங்கள் எங்கள் அளவில் கேட்டையும் கைப்பிடிகளையும் சோப்புத் தண்ணீரில் துடைத்தோம். அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

எங்கள் நடைபாதைக்கு நடுவில் எட்டு வடிவப் பாதை ஒன்று உண்டு. சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் எட்டுப் போட்டால் நல்லது என்று நம்பி, அந்த எட்டைச் சுற்றாமல் வீட்டுக்குப் போகாத ஒரு கூட்டமே இருந்தது. வட்டப் பாதையில் பிரச்சினை இல்லை, எல்லோரும் ஒரே திசையில் போகவேண்டும் என்று தரையில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டாயிற்று. எட்டில் அது நடக்காது. நடுவில் பாதை தன்னையே வெட்டிக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் இரண்டு பேர் நேருக்கு நேர் வந்துதான் ஆகவேண்டும். சரி, ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் என்று சொன்னோம். உடனே வரிசை வந்துவிட்டது. நடக்கும்போது ஆறடி தள்ளிப் போனவர்கள் வரிசையில் தோளோடு தோள் நின்று, தொற்று வந்ததென்று யார் வீட்டுத் தெருவில் தகரம் அடித்து அடைத்தார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வெட்டும் இடத்தில் ஒரு பெரிய பூந்தொட்டியை வைத்து மறித்து, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று ஆக்கினோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு, "தம்பி, இது எட்டு இல்ல, ரெண்டு சைபர்" என்றார்.

கேட்டில் இருந்த காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியும் ஒரு வேடிக்கை. காலையில் ஒழுங்காக இருக்கும். சாயங்காலம் மதுரை வெயிலில் வண்டி ஓட்டி வந்தவர் நெற்றியில் பிடித்தால் 99, 100 என்று காட்டும். அவரை என்ன செய்வது? ஐந்து நிமிஷம் நிழலில் உட்காரச் சொல்லி மறுபடி பார்ப்போம், இறங்கியிருக்கும். அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். அன்றைக்கு எங்கள் பூங்காவில் உட்கார அனுமதி இருந்த ஒரே இடம் அதுதான்.

ஏனென்றால் பெஞ்சுகளையெல்லாம் சிவப்பு வெள்ளை ரிப்பன் கட்டி மூடியிருந்தோம். உடற்பயிற்சிக்குத்தான் அனுமதி. வா, நட, போ. போதாக்குறைக்கு 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் 10 வயதுக்கு உட்பட்டவர்களும் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல். இந்த இரண்டு கூட்டத்தையும் கழித்துவிட்டால் குடியிருப்புப் பூங்காவில் மிச்சம் யார்? காலை ஆறிலிருந்து எட்டு வரை ஷூ போட்டு நடப்பவர்கள். அவர்கள் முக்கியமானவர்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. மற்ற நேரமெல்லாம் பூங்கா பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும், டிஎன்பிஎஸ்சி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்காரும் பையன்களுக்கும் பெண்களுக்கும் உரியது. அவர்களில் யாருமே நடக்க வருவதில்லை.

மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் தினமும் பதினொரு மணிக்குப் பேப்பரோடு வருவார். திறந்த முதல் வாரமே வந்துவிட்டார். மாஸ்க் ஒழுங்காக மூக்குக்கு மேலேயே இருந்தது. ரிப்பனைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

"நடக்கலாம் ஐயா. உட்காரத்தான் கூடாது."

"எனக்கு முழங்கால் ரெண்டும் போச்சு. நடக்குறவனுக்கு ரோடு கெடக்குல்ல. நான் எங்கிட்டுப் போய் உக்கார்றது?"

அவர் வாதம் பண்ணவில்லை, திரும்பிப் போய்விட்டார். மதியம் டீ குடிக்க வெளியே வந்தபோது எதிரே இருந்த கல்வெர்ட் கட்டையில் அவரும் இன்னும் நான்கைந்து பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பேப்பரை ஆளுக்கு ஒரு தாளாகப் பிரித்துக் கொண்டிருந்தார்கள். உள்ளே மரத்தடியில் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன. வெளியே இரண்டு பேர் உட்காரும் கட்டையில் இத்தனை பேர். தொற்றைத் தடுக்கவா, வளர்க்கவா நாம் ரிப்பன் கட்டினோம் என்று எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அடைத்த அறையைவிடக் காற்றோட்டமான வெளியில் தொற்று குறைவு என்பது பிறகு எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

பயப்படக் காரணம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மார்ச் 25 அன்று எங்கள் அரசு இராசாசி மருத்துவமனையில்தான் நடந்தது. ஜூன் 24 முதல் ஜூலை பாதி வரை மதுரைக்கு முழு ஊரடங்கு. அதைப் பார்த்தவர்கள் எதையும் திறக்கத் தயங்கியது புரிகிறது. ஆனால் நவம்பர் 10 அன்று பாதி இருக்கைகளோடு சினிமா தியேட்டர்கள் திறந்தன. மூன்று மணி நேரம் ஏசி அறைக்குள் உட்காரலாம், வேப்பமரத்தடியில் உட்காரக் கூடாது என்றால் அதை நான் எந்த முகத்தோடு அந்தப் பெரியவரிடம் சொல்வது?

அதிகாரி ஒருவரிடம் வாய்மொழியாகக் கேட்டேன். எழுத்தில் எதுவும் தரமுடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அது போதும். ரிப்பனை அவிழ்த்து, ஒவ்வொரு பெஞ்சின் நடுவிலும் பெயின்டால் பெருக்கல் குறி போட்டு, பெஞ்சுக்கு ஒருவர் என்று ஆக்கினோம். பெரியவர்கள் அதைப் பிள்ளைகளைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். இந்தப் பெஞ்சிலிருந்து அந்தப் பெஞ்சுக்குச் சத்தம் போட்டுப் பேசவேண்டியிருந்ததால் பூங்கா முழுக்க அரசியல் கேட்டது. மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்பது பாதி நாள் பேச்சு.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் எந்த வழியும் கிடைக்கவில்லை. ஊஞ்சலைக் கயிற்றால் தூக்கிக் கட்டியது கட்டியபடியே இருந்தது. பின்பக்கம் உள்ள வரிசை வீடுகளில் ஒரே அறையில் ஐந்தாறு பேர். அங்கேயே ஆன்லைன் வகுப்பு, அங்கேயே சமையல். இரண்டாம் அலை வந்து மறுபடி பூட்டி, 2021 ஜூன் 14 முதல் காலை 6 முதல் 9 வரை நடைப்பயிற்சிக்கு மட்டும் என்று மறுபடி திறந்தபோதும் இதே கதை. ஒன்பது மணிக்கு விசில் ஊதினால் ஷூக்காரர்கள் போய்விடுவார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்ததே அந்த வருடம் நவம்பர் 1 அன்றுதான்.

சாயங்காலம் பூட்டிய பிறகு பின்வேலியின் ஒரு மூலையில் கம்பி வளைந்திருந்த இடம் வழியாகப் பிள்ளைகள் உள்ளே வருவது எனக்கும் காவலாளிக்கும் தெரியும். சறுக்கில் நாலு தரம் சறுக்கிவிட்டு இருட்டுவதற்குள் போய்விடுவார்கள். அந்தக் கம்பியைச் சரிசெய்யச் சொல்லி ஒப்பந்தக்காரர் ஆபீஸிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. வெல்டர் கிடைக்கவில்லை என்று எழுதிக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒருநாள் வெல்டரை வரச்சொன்னோம். கம்பியோடு சேர்த்து ஊஞ்சல் சங்கிலியையும் மாற்றிவிட்டுப் போனார், இந்தத் தடவை துருப்பிடிக்காத கம்பியில்.