உபுண்டுவுக்கு மாறிய பின்

விண்டோசில் பழகிய எனக்கு, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் முதலில் புதிராகத் தோன்றியது, சி, டி என்ற வட்டுப் பிரிவுகள் எங்கும் தென்படாததே. செருகிய பென்டிரைவ் உட்பட எல்லாமே, சாய்கோடு (/) ஒன்றையே வேராகக் கொண்ட ஒற்றை மரத்தின் கிளைகளாக அமைகின்றன என்பதும், நமது கோப்புகள் 'ஹோம்' என்ற கிளையில் நமது பெயரின் கீழ் இருக்கும் என்பதும் விளங்கியபின் தேடல் எளிதாயிற்று. கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகக் கருதும் கண்டிப்பு மட்டும் எனக்கு இன்னும் உவப்பாயில்லை.

மென்பொருள்களை இணையத்தில் அலைந்து தேடாமல், கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான முனையத்தில், ஏபிடி (apt) என்ற கட்டளையால் உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே நிறுவலாம். யாழ்ப்பாணத்தில் கைபேசித் தரவை நம்பியிருக்கும் என் போன்றோருக்கு இது பேருதவி: தேவையான துணைப் பொதிகளையும் அதுவே கணக்கிட்டு, எத்தனை மெகாபைட் இறங்கும் என்று முன்னரே கூறிவிடுகிறது. தமிழ்99 விசைப்பலகையோ அமைப்புகளில் ஏற்கனவே இருந்தது, சேர்த்துக்கொண்டால் போதும்.