இளைப்பாறுதல்: லெந்து காலக் குறிப்புகள்

2025 மார்ச் 5, புதன்

சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்னும் தவக்காலத்தின் முதல் நாள். காலை ஆராதனைக்குப் போக முடியவில்லை. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, உடம்பு துடைத்து, இட்லியைப் பிசைந்து ஊட்டி, மாத்திரை கொடுத்து முடிப்பதற்குள் ஆலயமணி அடித்து ஓய்ந்துவிட்டது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவர்களுக்கு வலது கையும் காலும் வசமில்லை. பேச்சும் குழறல்தான், ஆனால் வீட்டில் இருக்கிற எங்களுக்குப் புரியும். பாளையங்கோட்டையில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா சொல்லிக் கொடுத்த கை அது.

"வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்" என்ற வசனம் கூடத்துக் காலண்டரில் இருக்கிறது. இளைப்பாறுதல் தருவேன் என்பதோடு காலண்டர் நிறுத்திக்கொள்கிறது. ஆனால் மத்தேயு 11-ல் ஆண்டவர் அதோடு நிறுத்தவில்லை. தாம் மனத்தாழ்மையும் சாந்தமுமாயிருப்பதாகச் சொல்லி, என் நுகத்தை ஏற்றுக்கொண்டு என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். ஏற்கெனவே சுமக்கிறவனிடம் நுகமா? இந்த லெந்து முழுவதும் இந்த வசனத்தோடுதான் இருக்கப்போகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

அத்தை தூங்கியபின் 1 இராஜாக்கள் 19 வாசித்தேன். முந்தைய அதிகாரத்தில்தான் எலியா தீர்க்கதரிசி கர்மேல் பர்வதத்தில் பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேர் முன்னால் தனியாக நின்று, வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்டான். யேசபேல் ராணி ஆள் அனுப்பி மிரட்டியதும் அதே மனுஷன் பெயெர்செபாவரை ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான்.

கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. உன் விசுவாசம் எங்கே என்றும் கேட்கவில்லை. தூங்க விடுகிறார். தூதன் தட்டி எழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். தின்றுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான், அதற்கும் விடுகிறார். இரண்டாம் தரம் தூதன் சொல்வதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது: "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." பிரயாணம் ரத்தாகவில்லை. ஆனால் இவன் களைத்தவன் என்பதைக் கர்த்தர் அறிந்திருக்கிறார். ஓரேப் மலையில் கர்த்தருடைய மெல்லிய சத்தத்தைக் கேட்க நடந்து புறப்படுமுன் எலியா செய்ததெல்லாம், கொடுத்ததை வாங்கிச் சாப்பிட்டதுதான்.

மார்ச் 29, சனி

அத்தைக்கு இன்று பேச்சு கொஞ்சம் தெளிவாக வந்தது. பள்ளிப் பிள்ளைகளோடு டோனாவூர் போனதைச் சொன்னார்கள். அங்கே ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், பிறகு ஊர் திரும்பவே இல்லை. டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தவர் 1931-ல் குழியில் விழுந்து அடிபட்டார். அதன்பின் 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறைதான் அவருக்கு. அங்கிருந்தும் எழுதிக்கொண்டே இருந்தார்.

நமக்கு அந்த எழுத்தைப் பற்றிப் பேசத்தான் பிடிக்கும். அத்தை கேட்டதோ வேறு: "அந்த அம்மாவை யார் குளிப்பாட்டினாங்க?"

அவர் வளர்த்த பிள்ளைகள்தான் அருகிலிருந்து பார்த்துக்கொண்டார்கள். கல்லறைக்குக்கூட கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். அத்தை அதைப் பார்த்திருக்கிறார்கள். அதன்பின் வெகுநேரம் பேசவில்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனி தெருவழியாகப் போனது. ஓசன்னா சத்தம் கேட்டதும் அத்தை கட்டிலை ஜன்னலோரம் தள்ளச் சொன்னார்கள். சின்னப் பையன் ஒருவன் ஓடிவந்து குருத்தோலைச் சிலுவை கொடுத்தான்.

இரவில் சங்கீதம் 131. மூன்றே வசனம். பால்மறந்த குழந்தையைப்போல என் ஆத்துமாவை அமரப்பண்ணினேன் என்கிறார் தாவீது. பால் குடிக்கிற பிள்ளைக்குத் தாயிடம் எப்போதும் ஏதாவது வேண்டும். பால் மறந்ததோ, தாயே போதும் என்று மடியில் கிடக்கும். என் ஜெபங்களில் பாதி, பெலன் தாரும், நேரம் தாரும் என்று கேட்பதுதான். கேட்கலாம், தப்பில்லை. ஆனால் கர்த்தரை அறிகிறது இந்த மடியில்தான் நடக்கும் என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

சாயங்காலம் ஆலயத்தில் கால்கழுவும் ஆராதனை. நான் வீட்டில் பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் எடுத்துக்கொண்டு அத்தையின் கால்களைக் கழுவினேன். வலது கால் வீங்கி, குதிகால் வெடித்து, விரலிடுக்கில் தோல் உரிந்திருக்கிறது. வழக்கமாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். மருமகள் காலைத் தொடுவதை இத்தனை மாதமாகியும் அவர்களால் தாங்க முடியவில்லை.

இன்று திருப்பவில்லை. ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவுகிற யோவான் 13-ஐ வாசிக்கச் சொன்னார்கள். பேதுரு மறுக்கிற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தி, "நானும் இவன்தான்" என்றார்கள். "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்ற ஆண்டவருடைய பதிலை அவர்களே குழறிக் குழறிச் சொல்லி முடித்தார்கள்.

காலைத் துடைத்து எண்ணெய் தடவும்போது நுகத்தைப் பற்றி நினைத்தேன். கழுவுகிறவர் மனத்தாழ்மையுள்ளவர். அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் காலை நீட்ட வேண்டும். எல்லாவற்றையும் நானே சுமக்கிறேன் என்ற பாரம்தான் என்னை அதிகம் அழுத்தியது. அவர் நுகத்தில் அந்தப் பாரம் இல்லை.

அப்புறம் அத்தை, "நாளைக்கு நீ கோயிலுக்குப் போ" என்றார்கள். அடுத்த வீட்டு அக்கா ரொம்ப நாளாக, நான் வந்து உட்காருகிறேன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்போதுதான் போய்ச் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே வந்துவிடுவார்களாம். பெரிய வெள்ளியின் மும்மணி நேர ஆராதனை முடிந்து கஞ்சியும் குடித்துவிட்டு நிதானமாக வா என்றார்கள்.