ஒன்பது வரைபடங்கள் திரும்பி வந்தன

போன வியாழக்கிழமை இரவு மின்னஞ்சலைப் பார்த்ததும் தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிவிட்டேன். இணைய விற்பனைத் தளம் முடக்கிவைத்திருந்த என் பதினொரு கித்தார் வரைபடங்களில் ஒன்பது மறுபடியும் விற்பனைக்கு வந்துவிட்டன. நான்கு மாத அலைச்சல். இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் யாரும் என்னைப் போல அல்லாடக் கூடாது என்பதால், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பெரம்பூரில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தச்சராக இருந்தவர். எலெக்ட்ரிக் கித்தாரைத் தானே செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு முழு அளவு வரைபடம் போட்டு விற்கிறேன். அச்செடுத்து மரத்தில் ஒட்டி, கோட்டின் மேலேயே அறுக்கலாம். ஒன்று 450 ரூபாய். டெலிகாஸ்டர், ஸ்ட்ராடோகாஸ்டர், லெஸ் பால் போன்ற பெயர்பெற்ற வடிவங்களைத்தான் எல்லோரும் கேட்பார்கள்.

ஒரு நாள் காலையில் விற்பனைத் தளத்தில் என் கடை காலியாக இருந்தது. வந்திருந்த அறிவிப்பு இரண்டே வரி: அறிவுசார் சொத்துரிமை மீறல், ஆகவே நீக்கம். எந்த உரிமை, எந்தக் கோடு, யார் புகார் கொடுத்தார்கள் என்று ஒரு சொல் இல்லை.

முதல் தவறை அன்றே செய்தேன். ஆத்திரத்தில் நான்கு பக்கம் பதில் எழுதினேன், முழுக்க முழுக்க பாடி, அதாவது கித்தாரின் உடல்பகுதி வடிவத்தைப் பற்றி. ஸ்ட்ராடோகாஸ்டர், டெலிகாஸ்டர், பிரசிஷன் பேஸ் ஆகியவற்றின் பாடி உருவத்துக்கு வணிகக்குறி (டிரேட்மார்க்) கேட்டு, அவற்றைச் செய்யும் ஃபெண்டர் நிறுவனம் 2003-இல் அமெரிக்காவில் விண்ணப்பித்தது. மற்ற தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். பல பத்தாண்டுகளாகப் பலரும் செய்துவரும் உருவம், அதைப் பார்த்து ஒரே நிறுவனத்தை யாரும் அடையாளம் காண்பதில்லை என்று 2009-இல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. இவ்வளவையும் அடுக்கி அனுப்பினேன். இரண்டு நாளில் அதே இரண்டு வரி திரும்பி வந்தது.

அடுத்து ஓர் ஆலோசகரிடம் போனேன். 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, "தடையில்லாச் சான்று வாங்கினால் முடிந்தது" என்று ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினார். மே மாத வெயிலில் இரண்டு முறை போனேன். முதல் நாள் உணவு இடைவேளை முடிந்தும் இருக்கையில் ஆள் இல்லை. இரண்டாம் நாள் இருந்தவர் என் காகிதங்களைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், மாடிக்குப் போகச் சொன்னார். மாடியில் இருந்தவர் கீழே போகச் சொன்னார். கடைசியில் வரிசையில் நின்ற ஒரு பெரியவர்தான் உண்மையைச் சொன்னார்: "அப்படி ஒரு சான்றே கிடையாது தம்பி. வணிகக்குறியைத் தேடிப் பார்க்க வேண்டுமானால் வீட்டில் உட்கார்ந்தே இணையத்தில் பார்க்கலாம், காசு கிடையாது." வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்படியேதான் இருந்தது. வணிகக்குறிப் பதிவில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், இசைக்கருவிகள் 15-ஆம் வகுப்பில் வரும். பெயரை மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள், படக்குறிகளையும் தேடுங்கள்.

உருப்படியான வழி லிங்கிச் செட்டித் தெருவில் கிடைத்தது. நண்பர் அனுப்பிவைத்த வழக்கறிஞர், என் தங்கை வயதுதான் இருக்கும். பதினொரு தாள்களையும் மேசையில் விரித்துவைத்து அவர் கேட்ட முதல் கேள்வியே என்னை அடித்துப்போட்டது.

"அண்ணா, இந்தக் கோடுகளை யார் போட்டது?"

ஒன்பது நான் போட்டவை. இரண்டு, ஆரம்ப நாட்களில் வெளிநாட்டில் ஒருவரிடம் விலைக்கு வாங்கிய வரைபடத்தின் மேல் தாள் வைத்து எடுத்தவை. தயங்கித்தான் சொன்னேன். அவர் அந்த இரண்டையும் மடித்து ஓரமாக வைத்துவிட்டார். கித்தாரின் உருவம் வேறு, அதை ஒருவர் வரைந்த தாள் வேறு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் வரைபடமும் கலைப்படைப்பு. வரைந்தவர் வாழ்நாளும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. அந்த மனிதர் அளந்து உழைத்ததை நான் 450 ரூபாய்க்கு விற்றிருக்கிறேன். அன்று இரவே இரண்டையும் அழித்தேன், அவருக்கும் எழுதினேன்.

மற்றவற்றுக்கு அவர் சொன்ன கணக்கு இது. நம் நாட்டில் பதிவு செய்த வடிவமைப்புக்குப் பாதுகாப்பு 10 ஆண்டு, நீட்டித்தால் 15. பதிவு செய்யாமல் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அந்த வடிவமைப்பில் பதிப்புரிமையும் போய்விடும். காப்புரிமை 20 ஆண்டு. 1950-களின் கித்தார்கள் இவற்றையெல்லாம் எப்போதோ கடந்துவிட்டன. வணிகக்குறி மட்டும் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் சாகாது. என் விஷயத்தில் கடித்தது அதுதான்: தலைப்பில் நான் போட்டிருந்த பெயர், அப்படியே வரைந்திருந்த ஹெட்ஸ்டாக், அதாவது தந்திகளை முறுக்கும் தலைப்பகுதி. ஃபெண்டரின் ஹெட்ஸ்டாக் உருவம் அமெரிக்காவில் பதிவு பெற்றது. பாடிக்காக நான்கு பக்கம் வாதாடியவன், புகார் எதைப் பற்றியது என்றே பார்க்கவில்லை. பெயருக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஃபெண்டரே சாட்சி. 1950-இல் அவர்கள் பிராட்காஸ்டர் என்று வைத்த பெயரை, கிரெட்ச் நிறுவனம் அதே ஒலியுள்ள பெயரில் டிரம் விற்றுவந்ததால் கைவிட்டார்கள். டெலிகாஸ்டர் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது.

கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால், ஃப்ளையிங் வி ஆகிய இரண்டு வடிவங்களுக்கும் வழக்கறிஞர் தனியாக எச்சரித்தார். லெஸ் பால் உருவத்துக்காக பி.ஆர்.எஸ். என்ற இன்னொரு கித்தார் நிறுவனத்தின் மீது கிப்சன் தொடுத்த வழக்கு 2005-இல் மேல்முறையீட்டில் தோற்றது. ஃப்ளையிங் வி உருவத்துக்கான ஐரோப்பிய வணிகக்குறி செல்லாது என்று 2019-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் அமெரிக்காவில் பாடி உருவங்களையே கிப்சன் பதிவு செய்திருக்கிறது. டீன் கித்தார் தயாரிப்பாளர் மீதான வழக்கில் 2022-இல் கிப்சன் வென்றது, 2024-இல் அந்த வழக்கு மறுவிசாரணைக்கு அனுப்பப்பட்டது. ஆகவே இந்த இரண்டையும் அமெரிக்காவுக்கு விற்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்து ஆதாரம். நான் அளந்த கிராஃப் தாள்கள் பழைய பேப்பரோடு போய்விட்டன. அளவெழுதிய நோட்டு 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் பட்டறையோடு ஊறிப்போனது என்றே நினைத்திருந்தேன். பரணில் ஏறிய மனைவி ஒரு பாலிதீன் பையை இறக்கிவந்தாள். தண்ணீர் ஏறுவதற்கு முன் கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்ட பை. உள்ளே அந்த நோட்டு! அட்டையில் ஃபெவிகால் கறை. முதல் பக்கத்தில் 2019-ஆம் ஆண்டுத் தேதி, பென்சிலில் வட்டமிட்ட 648, அது மில்லிமீட்டரில் ஸ்கேல் நீளம், அதாவது தந்தி அதிரும் நீளம். கீழே கித்தாரின் கழுத்து பாடியில் பொருந்தும் நெக் குழியின் ஆழம் 16, பக்கத்தில் அடித்துத் திருத்திய 15.8. சர்ச்சில் வாசிக்கும் நண்பரின் பழைய கித்தாரை வெர்னியர் வைத்து நான் அளந்த அளவுகள். அந்த அடித்தல் திருத்தலைப் பார்த்துத்தான் வழக்கறிஞர் முதன்முதலாகச் சிரித்தார்.

பெயர்களை டி வகை, எஸ் வகை என்று மாற்றினேன். ஹெட்ஸ்டாக்கைப் புதிதாக வரைந்தேன். அரைப் பக்கப் பதிலோடு நோட்டின் படங்களை அனுப்பினேன். மறுபடியும் மறுப்பு! தாள் தாளாகப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: வலது கீழ் மூலைத் தலைப்புக் கட்டத்தில் பழைய பெயர் அப்படியே இருந்தது. கோப்பின் பெயரிலும் இருந்தது. நீங்கள் அனுப்புவதற்கு முன் இந்த இரண்டு இடத்தையும் கட்டாயம் பாருங்கள். திருத்தி அனுப்பிய ஆறாம் நாள் கடை திறந்தது.

என் கோட்டை இன்னொருவர் எடுத்துவிடாமலிருக்க ஒரு வரைபடத்துக்குப் பதிப்புரிமைப் பதிவும் கேட்டிருக்கிறேன். இணையத்திலேயே, 500 ரூபாய் கட்டணம். விண்ணப்பத்துக்கான டைரி எண் வந்துவிட்டது, ஆட்சேபத்துக்கான 30 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆலோசகர் அந்த 6,000 ரூபாயை இன்னும் திருப்பித் தரவில்லை. ரசீது என்னிடம் இருக்கிறது. திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன்.