மூத்தவள் கையால்: மார்மன் மனைவியரைப் படிக்கும் நாட்கள்

ஜூன் 3, 2025

மார்மன் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு. அதன் பலதார மணச் சடங்கைத் திருச்சபைத் தலைவர்களில் ஒருவரான ஆர்சன் பிராட் 1853இல் எழுதிவைத்திருக்கிறார். கணவனுக்கும் புதுப்பெண்ணுக்கும் நடுவே மூத்த மனைவி நிற்பாள். "இவளை உன் கணவனுக்குத் தரச் சம்மதமா?" என்று அவளிடம் கேட்பார்கள். சம்மதமென்றால் புதுப்பெண்ணின் வலக்கையை எடுத்துக் கணவனின் வலக்கையில் அவளே வைக்க வேண்டும். சம்மதம் வாங்குவதோடு விடவில்லை, கொடுக்கிற வேலையையும் அவள் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள்.

திருச்சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் இதை இறைவாக்கு என்று எழுத வைத்தது 1843. மார்மன்கள் குடியேறிய யூட்டாவில் ஊரறிய அறிவித்தது 1852. அரசின் நெருக்கடி தாங்காமல் இனி இல்லை என்று திருச்சபை அறிக்கை விட்டது 1890. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பெண்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். கணவனைப் பற்றி அவர்கள் எழுதியதை எல்லோரும் கிளறிவிட்டார்கள். ஒருத்தி இன்னொருத்தியைப் பற்றி என்ன எழுதினாள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

ஜூன் 5

பேட்டி செஷன்ஸ், மருத்துவச்சி. தன் காலத்தில் நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பிரசவம் பார்த்தவர். 1846இல் மார்மன்கள் ஊரையே காலி செய்துகொண்டு மேற்கே போகும் வழியில், கணவன் புதிதாகக் கட்டிய ரொசில்லாவோடு ஒத்துப்போகவில்லை. இன்று யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று எழுதும் அதே வறண்ட நடையில், இன்று மனது சரியில்லை என்றும் எழுதுகிறார். அந்த ஆண்டு முடிவதற்குள் ரொசில்லா திரும்பிப் போய்விட்டாள்.

சக மனைவியர் எல்லாம் உயிர்த்தோழிகள் என்று எழுதுபவர்கள் இந்தப் பக்கங்களையும் படிக்கலாம்.

ஜூன் 9

இன்று முழுக்க எலைசா பார்ட்ரிஜ் லைமன். இவரும் தங்கைகள் கரோலினும் லிடியாவும் ஒரே ஆளுக்கு, அமாசா லைமனுக்கு, வாழ்க்கைப்பட்டவர்கள். அமாசாவுக்கு வேறு மனைவியரும் உண்டு. 1846 ஜூலையில் வழிப்பயணத்தில், மாட்டுவண்டிக்குள் எலைசாவுக்கு முதல் பிள்ளை பிறக்கிறது. பிரசவக் காய்ச்சலில் கிடந்து எழுகிறார். டிசம்பருக்குள் பிள்ளை போய்விட்டது.

1849 ஏப்ரலில் அமாசா திருச்சபைப் பணியாகக் கலிபோர்னியா கிளம்புகிறார். வீட்டில் ரொட்டிக்கு மாவில்லை. அவரால் ஏற்பாடு செய்ய முடியவில்லை என்று கணவனை விட்டுக்கொடுக்காமல் எழுதுகிறார் எலைசா. எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை. அப்போது ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பெண் தன்னிடம் இருந்த மாவில் ஏறக்குறைய பாதியை, இரண்டு பவுண்டை, கொடுக்கிறார். இவர் சக மனைவிகூட இல்லை, அக்கம்பக்கத்துப் பெண். (பின்னாளில் இதே ஜேன் கோயில் சடங்குகளுக்காகப் பல்லாண்டு விண்ணப்பித்தார். கறுப்பர் என்பதால் மறுத்துக்கொண்டே இருந்தார்கள்.)

கணவன் மாதக்கணக்கில் இல்லாத வீடு அது. உடம்புக்கு முடியாதபோது பக்கத்தில் இருந்தது தாயும் தங்கைகளும். 1870இல் அமாசாவைத் திருச்சபை விலக்கிவைத்தபோது சகோதரிகள் மூவருமே அவரை விட்டு விலகினார்கள். கூடப்பிறந்தவர்கள் என்பதால் இந்த ஒற்றுமையைச் சக மனைவியர் கணக்கில் எழுதலாமா என்று தயங்குகிறேன். எழுதக் கூடாது என்றுதான் தோன்றுகிறது.

ஜூன் 10

வேலை அதிகம். படிக்கவில்லை.

ஜூன் 14

அன்றைய தயக்கத்துக்கு விடை எம்மலின் வெல்ஸிடம் இருக்கிறது. முதல் கணவன் விட்டுவிட்டுப் போனான், குழந்தை இறந்தது. 17 வயதுகூட நிரம்பாமல் 1845இல் நியூவெல் விட்னிக்கு இளைய மனைவியானார். அவருடைய மூத்த மனைவி எலிசபெத் ஆன் இவருக்கு ஏறக்குறைய தாயானார். 1850இல் விட்னி இறந்த பிறகும் அந்த உறவு அறுபடவில்லை. பிற்பாடு எம்மலின் தன் பத்திரிகையில் அந்த மூத்தவளின் வாழ்க்கை நினைவுகளைத் தொடராக வெளியிட்டார்.

அதே எம்மலின், அடுத்து டேனியல் வெல்ஸுக்கு ஏழாவது மனைவி. 1874இல் அவர் எழுதிய நாட்குறிப்பில் கணவனின் அன்பு கொஞ்சமாவது கிடைக்காதா என்ற ஏக்கம் பக்கத்துக்குப் பக்கம். ஊருக்கு முன்னால் பலதார மணத்தை ஆதரித்து எழுதிய கையும் இதே கைதான்.

ஒருத்திக்கே இரண்டு குடும்பம், இரண்டு விதம். அப்படியானால் நெருக்கத்தைப் பலதார மண முறை கொடுக்கவில்லை. நடுவில் நின்று கை பிடித்துக் கொடுத்த மூத்தவள் எப்படிப்பட்டவள் என்பது கொடுத்தது.

ஜூன் 20

ஷிப் குடும்பம். 1875இல் மில்ஃபோர்ட் ஷிப்பின் மனைவியரில் ஒருவரான மேகி மருத்துவம் படிக்கப் பிலடெல்ஃபியா போனார். வீட்டு ஏக்கம் தாங்காமல் சீக்கிரமே திரும்பிவிட்டார். அவருக்குப் பதிலாக இன்னொரு மனைவி எல்லிஸ் போனார். எல்லிஸின் மூன்று ஆண்பிள்ளைகளையும் சக மனைவியர் வளர்த்தார்கள். 1877இல் அங்கேயே ஒரு பெண்குழந்தை பெற்று, 1878இல் பட்டத்தோடு ஊர் திரும்பினார். பின்னர் மேகியும் போய் 1883இல் டாக்டரானார்.

பெற்ற பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் ஒருத்தியிடம் விட்டுப் போக எத்தனை நம்பிக்கை வேண்டும்! எல்லிஸின் குறிப்புகளில் கணவனின் புதுக் கல்யாணங்கள் தந்த வலியும் இருக்கிறது. வலிக்கக் காரணமான பெண்களிடமே பிள்ளைகளை விட்டிருக்கிறார். மேகி பிற்காலத்தில் மில்ஃபோர்டை விவாகரத்து செய்துவிட்டு, ஏற்கெனவே இரண்டு மனைவியர் உள்ள பி. எச். ராபர்ட்ஸைக் கட்டிக்கொண்டார். கசந்தது கணவனா, முறையா என்று என்னிடம் கேட்டால் கணவன் என்பேன்.

அடுத்து மார்த்தா ஹியூஸ் கேனன். பலதார மணக் குற்றத்துக்காகக் கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்லாமல் தப்பக் கைக்குழந்தையோடு 1886இல் இங்கிலாந்து போனவர். அங்கிருந்து எழுதிய கடிதங்களில் மற்ற மனைவியர்மீது பொறாமை கொதிக்கிறது. 1896இல் அதே கணவரை எதிர்த்துத் தேர்தலில் நின்று ஜெயித்து, அமெரிக்காவின் முதல் பெண் மாநில செனட்டர் ஆனார்.