சப்பாத்தி மாவும் வாட் கணக்கும்

ஜனவரி 4, ஞாயிறு

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் சைக்கிளில் போய்த் திரும்பினேன். போகும்போது மணிக்கு 33 கிலோமீட்டர் காட்டியது. முட்டுக்காடு பாலத்தில் என்னை நானே மெச்சிக்கொண்டேன். திரும்பும்போது 26. வாடைக்காற்று முகத்தில் அறைகிறது. மார்கழியில் ஈசிஆரில் தெற்கே போகிறவன் எல்லாம் வீரன், வடக்கே வருகிறவன் எல்லாம் கிழவன். இந்த வேகத்தை வைத்து என்ன பயிற்சிக் கணக்கு போடுவது? இதயத்துடிப்போ வெயிலுக்கும் ஏறுகிறது, காபிக்கும் ஏறுகிறது. மிதிக்கும் சக்தியை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் வாங்கியே தீர்வது.

ஜனவரி 7, புதன்

மூன்று நாளாக ராத்திரி இதே படிப்பு. 1986இல் ஜெர்மனியில் உல்ரிக் ஷோபரர் தொடங்கிய எஸ்.ஆர்.எம். என்ற பவர் மீட்டர் கம்பெனி காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. மிதிக்கும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதில் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ் என்ற வளைவை உணரும் மெல்லிய பட்டையின் மின்தடை மாறுகிறது. அதிலிருந்து டார்க், அதாவது முறுக்குவிசை; டார்க்கைச் சுழல் வேகத்தால் பெருக்கினால் வாட். நிமிடத்துக்கு 90 சுற்றில் 200 வாட் என்றால், என் 170 மி.மீ. கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) சராசரியாகப் பன்னிரண்டே முக்கால் கிலோ அழுத்தம். இவ்வளவுதானா என்றிருந்தது. ஒரு மணி நேரம் அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

மீட்டரைப் பின்சக்கர ஹப்பில் (நடுக்குடம்) வைப்பது, கிராங்க் ஸ்பைடரில் (பல்சக்கரம் மாட்டும் பகுதி) வைப்பது எல்லாம் நமக்கு வேண்டாம். சக்கரத்தையோ கிராங்கையோ மாற்ற வேண்டும். விலை குறைவு இடது கிராங்க் மீட்டர்தான். இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கிவிடும். அதையே வாங்கலாம் என்று இருக்கிறேன்.

ஜனவரி 10, சனி

கிராங்கின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் மீட்டர் டப்பா செயின்ஸ்டேயில், அதாவது பின்சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாயில், இடிக்கக் கூடாது. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். ஸ்கேல் உள்ளே நுழையவில்லை. அடுப்படியிலிருந்து எலுமிச்சை அளவு சப்பாத்தி மாவை எடுத்துவந்து கிராங்கின் உட்புறம் அப்பி, மெதுவாக ஒரு சுற்று சுற்றினேன்.

"என்னங்க, அதுக்கும் டிபனா?"

பதில் சொல்லவில்லை. செயின்ஸ்டேயைக் கடந்த இடத்தில் மாவு வழுக்கையாகச் சீவிப்போயிருந்தது. பல்குத்தும் குச்சியைக் குத்தி அளந்தால் ஆறு மி.மீ.தான். இடது கிராங்க் கதை அத்தோடு முடிந்தது.

ஜனவரி 16, வெள்ளி, மாட்டுப் பொங்கல்

மிஞ்சியது பெடலுக்குள்ளேயே இருக்கும் மீட்டர். ஃபவேரோ அசியோமா, இரண்டு பக்கமும் அளப்பது. ஒரு பக்க மாடலை வாங்கிவிட்டுப் பிறகு மற்றதைச் சேர்க்கலாம்தான். ஆனால் அந்தப் 'பிறகு' எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். இந்த இத்தாலிக் கம்பெனி வாள்சண்டைப் போட்டிக்குப் புள்ளி காட்டும் கருவியும் செய்கிறதாம். யாரோ யாரையோ தொட்டதைத் துல்லியமாகச் சொல்பவர்கள் என் காலையும் சரியாகவே அளப்பார்கள் என்று ஒரு சமாதானம். ஷூவில் மூன்று துளை க்ளீட்தான் (ஷூவைப் பெடலில் பூட்டும் அடித்துண்டு) என்பதால் ஷூ மாற்ற வேண்டியதில்லை, லுக் கியோ வகை க்ளீட் மட்டும் போதும். ஆர்டர் போட்டாயிற்று. விலையை வீட்டில் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 24, சனி

பெடல் வந்துவிட்டது. பழசு கழல மறுக்கிறது. கடற்காற்றில் நாலு வருஷம். இரும்பு அச்சும் அலுமினியக் கிராங்கும் ஒன்றாகிவிட்டன. போன தடவை கிரீஸ் தடவாமல் முறுக்கியது நானேதான், யாரைத் திட்ட? ராத்திரியே டபிள்யூடி-40 அடித்து ஊறவைத்திருந்தேன். காலையில் அலன் கீயில் பழைய ஜி.ஐ. பைப்பைச் சொருகி உடம்பைச் சாய்த்ததும் 'டொக்' என்று ஒரு சத்தம். கிராங்க்தான் உடைந்தது என்று நினைத்தேன். பெடல் கழன்றிருந்தது.

இடது பெடலுக்குத் திருகு மறை தலைகீழ். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழலாமலிருக்க அப்படி. ரைட் சகோதரர்கள் விமானத்துக்கு முன், தங்கள் சைக்கிள் கடையில் 1900இலேயே இதை விளம்பரப்படுத்தியிருக்கிறார்கள். எனக்கு வலம், இடம் குழம்பும். அதனால் சாவியை மேலே நிறுத்திப் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளுவேன். இரண்டு பக்கமும் கழலும். முன்னே தள்ளினால் இறுகும். இந்த முறை மறையில் கிரீஸை வெண்ணெய் மாதிரி தடவினேன்.

பெடலின் மொபைல் ஆப்பில் கிராங்க் நீளம் 172.5 என்று முன்பே போட்டிருந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் ஒன்றரை சதவீதம் வாட் இலவசமாகக் கிடைத்திருக்கும். மனசில்லாமல்தான் 170 என்று மாற்றினேன்.

ஜனவரி 25, ஞாயிறு

ஏசி அறையிலிருந்து எடுத்த உடனே ஜீரோ செய்யவில்லை, அதாவது அழுத்தமே இல்லாத நிலையை மீட்டருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உலோகம் வெளி வெப்பத்துக்கு வரட்டும் என்று கால் மணி நேரம் வாசலில் நிறுத்திவிட்டுத்தான் செய்தேன். பெடலில் கால் வைக்காமல் செய்ய வேண்டும். முதலில் நாலைந்து முறை எழுந்து நின்று மிதித்துப் பெடலை உட்காரவைத்து, சாவியால் இன்னொரு முறை இறுக்கிவிட்டு, அதே மாமல்லபுரம்.

போகும்போது 33 கி.மீ., 130 வாட். வரும்போது 26 கி.மீ., 200 வாட்.

நூற்று முப்பது! முட்டுக்காடு பாலத்தில் நான் மெச்சிக்கொண்டது இதைத்தான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

கோவளம் தாண்டி 20 நிமிட டெஸ்ட். முதல் ஐந்து நிமிடம் 250இல் பறந்தேன், பதினைந்தாவது நிமிடத்தில் வாயில் இரும்பு ருசி. சராசரி 228. அதில் 95 சதவீதம், 217: ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வாட் என்று கணக்கு. என் 74 கிலோ எடையால் வகுத்தால், கிலோவுக்கு 2.9 வாட். மூன்றைத் தொடவில்லை. காலையில் அந்த ரெண்டாவது தோசை வேண்டாம் என்று சொன்னாள், கேட்டிருக்கலாம்.

அதைவிடப் பெரிய விஷயம், வீட்டுக்கு வந்து பார்த்ததும் தெரிந்தது: இடது கால் 46 சதவீதம், வலது 54. இடது கணுக்கால் 2019இல் உடைந்தது. சரியாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்றுதான் எண்ணியிருந்தேன். நடக்கும்போது ஒன்றும் தெரியாது. இடது கிராங்க் மீட்டர் மாட்டியிருந்தால் இந்த 228ஐ 210 என்று காட்டியிருக்கும், நானும் நம்பியிருப்பேன்.

வீட்டில் காட்டினேன். 46ஐயும் 54ஐயும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அப்பவே பிசியோகிட்ட இன்னும் ரெண்டு மாசம் போங்கன்னு சொன்னேனே" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.